அரை செண்ட் பங்கு

மிஸிஸிப்பி நதியும் அதன் உபநதியாகிய யாஸூவும் எண்ணற்ற வெள்ளங்களில் கொணர்ந்து பரப்பிய கரிய வண்டலால் ஆன, டெல்டா எனப்படும் சமவெளியின் நடுவே, ஏறக்குறைய 700 சதுர மைல் பரப்பில், அமெரிக்காவின் மிஸிஸிப்பி ராஜ்யத்தைச் சேர்ந்த சன்ஃபிளவர் கவுண்டி அமைந்திருக்கிறது. நம் ஜில்லாக்களோடு ஒப்பிட்டால் சிறியதென்றே சொல்லத்தக்க இந்தக் கவுண்டி 1844ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இதன் தலைநகர் இண்டியனோலா என்ற சிற்றூர். உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைத்தளை சட்டத்தளவில் அறுபட்ட பிறகும் வெகுகாலம் காடும் சதுப்பும் கரடியுமாக இருந்த இப்பிரதேசத்தை, மரம் வெட்டி, வேர் பறித்து, நதிக்கரைகளை உயர்த்தி, உலகத்தின் தலைசிறந்த பருத்திப் பூமிகளில் ஒன்றாக ஆக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பின உழைப்பாளிகளே. ஆனால் நிலத்தின் பத்திரங்கள் வேறு பெயர்களில் இருந்தன. அமெரிக்க சர்க்கார் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் பணம் யாரிடம் சேர்ந்தது, யாரிடம் சேரவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், பத்திரத்துக்கும் உழைப்புக்கும் இடையே இருந்த இந்தப் பிரிவினையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலமில்லாத குடும்பம் ஒன்று பண்ணையாரிடம் பதினைந்தோ இருபதோ ஏக்கரை வாரத்துக்கு எடுத்துக்கொள்ளும். குடியிருக்கப் பலகை வீடும், உழுவதற்குக் கோவேறு கழுதையும், விதையும் பண்ணையார் கொடுப்பார். விளைந்த பருத்தியில் பாதி அவருக்கு, பாதி குடிக்கு. கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் உழவு தொடங்கும் மார்ச்சு மாதத்திலிருந்து பருத்தி வெடிக்கும் காலம்வரை அக்குடும்பம் உண்ட மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் பண்ணைக் கடையிலிருந்து வட்டியோடு கடனாக வந்தவை. அந்தக் கடனை எழுதும் பேரேடு பண்ணையாரின் கையில். பருத்தியை நிறுப்பதும் விற்பதும் அவரே. வருஷக் கடைசியில் கணக்குத் தீர்ப்பவரும் அவரே. 1932இல் இண்டியனோலாவுக்கு வந்து தங்கி, ஊரின் பெயரை மறைத்துத் தம் ஆராய்ச்சி நூலை எழுதிய மானிடவியல் அறிஞர் ஹார்ட்டென்ஸ் பௌடர்மேக்கர், நேர்மையான கணக்கைப் பெற்ற வாரக்குடிகள் நூற்றுக்கு 25 அல்லது 30 பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று மதிப்பிட்டார். அவருக்குச் சற்றுப் பின்னால் அதே ஊரை ஆராய்ந்த ஜான் டாலர்ட், அங்கே கண்ட சமூக அமைப்பை விவரிக்கத் தம் நூலின் தலைப்பிலேயே ஜாதி என்ற சொல்லை இட்டார். தமிழ் வாசகருக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

1929இல் ராத்தல் ஒன்றுக்கு 17 செண்ட் அளவில் விற்ற பஞ்சு 1931இல் 6 செண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. முந்தைய ஆண்டுகளின் விற்காத பஞ்சே கிடங்குகளில் ஒரு கோடிப் பொதிகளுக்கு மேல் தேங்கிக் கிடக்க, அதன்மேல் புதிய மகசூலும் வந்து குவிந்தால் விலை எந்தக் காலத்திலும் எழாது என்ற பயம் எங்கும் பரவியது. பண்ணையார்களும் அப்போது சுகமாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வங்கிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஈடு வைக்கப்பட்டிருந்த நிலங்கள் கைமாறின. வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த நிலங்களும் ஏராளம். இந்நிலையில்தான் 1933 மே 12ஆம் தேதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் புதிய ஆட்சி, விவசாயச் சீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1909 முதல் 1914 வரையிலான ஆண்டுகளில் விளைபொருளுக்கு இருந்த வாங்கும் சக்தியை மீண்டும் அதற்கு உண்டாக்குவது இச்சட்டத்தின் லட்சியம். சாகுபடியைக் குறைப்பது அதன் வழி. குறைக்கச் சம்மதித்தவர்களுக்கு நஷ்டஈடாகப் பணம் கொடுப்பது அதன் கருவி. அப்பணத்துக்கு வேண்டிய வருமானம், பஞ்சை நூலாக்கும் ஆலைகள்மீதும் தானியத்தை மாவாக்கும் ஆலைகள்மீதும் விதித்த வரியிலிருந்து வந்தது.

சட்டம் வருவதற்குள் பருத்தி விதைத்தாகிவிட்டது. ஆகவே முதலாண்டில், முளைத்து வளர்ந்து பூவும் பிஞ்சுமாக நின்ற செடிகளையே உழுது மடிக்கும்படி சர்க்கார் கேட்க நேர்ந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, நாடெங்கும் சாகுபடியான நாலு கோடி ஏக்கரில் ஒரு கோடி ஏக்கர் அவ்வாறு மடிக்கப்பட்டது. பிறந்த நாள் முதலாகச் செடியை மிதிக்கக் கூடாதென்றே பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் வரிசைமேல் நடக்க மறுத்து வரிசைகளுக்கு இடையில் ஒதுங்கின என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. கந்தலணிந்த மக்கள் நிறைந்த தேசத்தில் விளைந்த பஞ்சை மண்ணில் புதைப்பது தர்மமா என்ற கேள்வியை விவசாய மந்திரி ஹென்றி வாலஸே தம் மனத்தில் சுமந்துகொண்டிருந்தார். இதை இனியொருமுறை செய்ய நேரக்கூடாதென்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1933 ஜூலை மாதக் கடைசியில் ரூஸ்வெல்ட் தம் கையாலேயே முதல் செக்கை, 47 ஏக்கரை உழுது மடித்த டெக்ஸாஸ் விவசாயி ஒருவருக்கு, 517 டாலருக்கு வழங்கினார்.  செக்கும் உழைப்பும் அங்கே ஒரே கையில் கூடின. டெல்டாவில் அப்படிக் கூடவில்லை.

அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பண்ணையார். செக் அவர் பெயருக்கு வந்தது. உழுது மடித்த மகசூலில் வாரக்குடிக்குப் பாதிப் பங்கு உண்டாகையால் பணத்திலும் பாதி அவருக்கே என்பது 1933இன் ஏற்பாடு. ஆயினும் அப்பாதியைக் கொடுக்க வேண்டியவரும், பழைய கடனுக்கென்று அதைப் பிடித்துக்கொள்ளக் கூடியவரும் ஒருவராகவே இருந்தபடியால், எத்தனையோ குடும்பங்கள் செக்கின் நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து வந்த 1934, 1935ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தம் இக்குறையைத் திருத்தியிருக்கலாம்; மாறாக அதை ஆழப்படுத்திவிட்டது. சாகுபடியிலிருந்து விலக்கிய நிலத்தின் சராசரி விளைச்சலைக் கணக்கிட்டு, ராத்தலுக்கு மூன்றரை செண்ட் வீதம் சர்க்கார் அந்நிலத்துக்குக் குத்தகை கொடுக்கும். அதற்கு மேல் விலையை ஈடுசெய்ய ஒரு செண்ட் தரும். குத்தகை நிலத்துக்கு உரியதாகையால் அது முழுவதும் நிலம் உடையவருக்கே. ஒரு செண்டில் மட்டும் வாரக்குடிக்குப் பாதி. ஆக, நாலரை செண்டில் நாலு செண்ட் ஒரு பக்கம். அரை செண்ட் மறு பக்கம். முந்தைய ஆண்டில் காகிதத்திலாவது இரண்டில் ஒன்றாக இருந்த பங்கு ஒன்பதில் ஒன்றாகிவிட்டது. விலக்கப்பட்ட ஏக்கர்களில் வாரக்குடி விதைத்திருந்தால் விளைவில் பாதி அவருக்குச் சேர்ந்திருக்கும் என்பதையும், சர்க்காரின் விருப்பப்படி அவர் விதைக்காமல் இருந்தபோது அவருடைய நஷ்டம் நஷ்டமாகவே கருதப்படவில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் இந்த அரை செண்டின் முழு அநீதி விளங்கும். இதை வகுத்தவர்கள் பாமரர்களல்லர். பக்கத்துக் கவுண்டியாகிய பொலிவரில், மான்செஸ்டர் நூற்பாலை முதலாளிகளுக்குச் சொந்தமாக இருந்த 38,000 ஏக்கர் பருத்திப் பண்ணையின் தலைவர் ஆஸ்கார் ஜான்ஸ்டன், வாஷிங்டனில் இத்திட்டத்தை நடத்திய இலாகாவின் நிதி நிர்வாகியாகவும் அமர்ந்திருந்தார். பண்ணையார்களுக்குப் பிடிக்காத ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்திடமாட்டார்கள், கையெழுத்தில்லாவிட்டால் திட்டமே இல்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். அது பொய்யான வாதமல்ல. ஆனால் யாருடைய சம்மதம் அவசியம், யாருடைய சம்மதம் அவசியமில்லை என்பதை அது ஒளிவு மறைவில்லாமல் காட்டிவிடுகிறது.

ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு வாரக்குடிகளின் எண்ணிக்கையைக் கூடியவரையில் குறைக்காமலிருக்கப் பண்ணையார் நல்லெண்ணத்துடன் முயல வேண்டும் என்று சொல்லிற்று. முயன்றாரா இல்லையா என்பதை எவர் தீர்மானிப்பது? நதிக்கு அக்கரையில் ஆர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தின் டைரோன்ஸா என்னும் சிற்றூரில் குடிகள் வெளியேற்றப்பட்டபோது, 1934 ஜூலையில் வெள்ளையர் பதினொருவரும் கறுப்பர் எழுவரும் ஒரே பள்ளிக்கூட அறையில் கூடித் தென்னாட்டு வாரக்குடிகளின் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்நாளில் அப்பிரதேசத்தில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் அமர்வதென்பது உயிருக்கே ஆபத்தான துணிவு. விஷயத்தை விசாரிக்க இலாகாவிலிருந்து அனுப்பப்பட்ட மேரி கானர் மையர்ஸ் என்ற பெண் வழக்கறிஞரின் அறிக்கை வெளியிடப்படவே இல்லை. இலாகாவில் ஜெரோம் ஃபிராங்க் தலைமையிலிருந்த இளம் சட்ட நிபுணர்கள், குடிகளின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அதே குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று ஏழாவது பிரிவுக்குப் பொருள் கூறினார்கள். 1935 பிப்ரவரியில் இலாகாவின் நிர்வாகி செஸ்டர் டேவிஸ் அவர்களில் முக்கியமானவர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். மந்திரி வாலஸ் அதற்கு உடன்பட்டார். காங்கிரஸில் தென்னாட்டு அங்கத்தினர்களின் ஆதரவை இழந்தால் விவசாயச் சட்டம் முழுவதுமே கவிழ்ந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அது ஆதாரமற்ற அச்சமல்ல என்றாலும், அந்த ஒரு வாரத்தில் வாரக்குடிகளுக்காக வாதாட அரண்மனைக்குள் இருந்த ஒரே குரல் அடங்கிப்போயிற்று என்றே என் அபிப்பிராயம்.

1936 ஜனவரி 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆலை வரியைச் செல்லாதென்று தள்ளியது. இரண்டு மாதங்களுக்குள்ளாகவே, மண் வளத்தைக் காப்பதற்கான உதவி என்ற புதிய உருவத்தில் அப்பணம் தொடர்ந்தது. 1938இன் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. குடிகளின் கூக்குரல் அறவே வீண்போகவுமில்லை. அவர்களுக்குரிய பங்கை அவர்கள் பெயருக்கே அனுப்பலாமென்ற ஏற்பாடு வந்தது. ஆனால் குடி என்று ஒருவர் இருந்தால்தானே பங்கு? வாரக்குடியைக் கூலியாளாக மாற்றிவிட்டால் பணம் முழுவதும் பண்ணையாருடையதே. தென்னாட்டில் 1930இல் ஏறக்குறைய 7,76,000 ஆக இருந்த வாரக்குடிகள் 1940இல் 5,41,000 ஆகக் குறைந்தார்கள். சர்க்கார் பணம் கடனை அடைத்தது. கடன் அடைந்த பண்ணைக்கு டிராக்டர் வந்தது. டிராக்டர் வந்த பண்ணையில் கோவேறு கழுதைக்கும் அதை ஓட்டியவனுக்கும் வேலையில்லை. 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஹாப்ஸன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரம் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டப்பட்டது. ஓர் ஆள் ஒரு மணிநேரத்தில் இருபது ராத்தல் பறிக்க, இயந்திரம் ஆயிரம் ராத்தல் பறித்தது. டெல்டாவிலிருந்து சிகாகோவுக்கு ஓடிய ரயில்கள் அதன்பின் காலியாக ஓடவில்லை.

இனி, இப்பணம் கவுண்டியில் எப்படி அளந்து கொடுக்கப்பட்டதென்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பண்ணைக்கும் இத்தனை ஏக்கர்தான் பருத்தி விதைக்கலாமென்று ஓர் அளவு உண்டு. அந்தப் பண்ணையில் முன்னாட்களில் எவ்வளவு விதைக்கப்பட்டதென்ற வரலாற்றைக் கொண்டு அது தீர்மானிக்கப்படும். அளவுக்கு மேல் விதைத்தவர்களைக் கண்டுபிடிக்க ஆகாய விமானத்திலிருந்து வயல்களைப் படமெடுத்து, படத்தின்மேல் கருவியை ஓட்டி ஏக்கர் கணக்கிட்டார்கள். இவ்வளவு நுட்பமாக நிலத்தை அளந்த திட்டத்தை நடத்தியது, விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த மூவர் கொண்ட கவுண்டிக் கமிட்டி. தலைநகரத்து அதிகாரி எங்கிருந்தோ உத்தரவிடாமல் அயலாரே அயலாருக்கு நியாயம் செய்யட்டும் என்ற எண்ணம் மிக உயர்ந்தது. நம் பஞ்சாயத்துத் தத்துவமும் அதுவே. ஆனால் வோட்டுச் சாவடிக்குப் போகும் கறுப்பினத்தவர் வேலையும் வீடும் இழக்கும் ஊரில், கமிட்டித் தேர்தல் மட்டும் எப்படித் தனித்து நியாயமாக இருக்கும்? கறுப்பர்களே பெரும்பான்மையாக இருந்த டெல்டாவில் கமிட்டி வெள்ளையர் கையிலேயே இருந்தது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்த கறுப்பு விவசாயிகளுக்கு எவ்வளவு பருத்தி அளவு, எவ்வளவு உதவி என்று தீர்மானித்தவர்கள், அந்நிலத்தின்மேல் கண்வைத்திருக்கக் கூடிய அயலாரே. 1964இன் இறுதியில் சிவில் உரிமைத் தொண்டர்கள் மிஸிஸிப்பியில் இக்கமிட்டித் தேர்தல்களுக்குக் கறுப்பு விவசாயிகளை நிறுத்திப் போட்டியிட்டது இதனால்தான். ஜனாதிபதித் தேர்தலைக் காட்டிலும் இந்தச் சிறு தேர்தல் தங்கள் அடுப்புக்கு அருகில் இருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சன்ஃபிளவர் கவுண்டியின் சரித்திரத்தை இரண்டு மனிதர்களின் வாழ்க்கையில் சுருக்கிக் காணலாம். இருவரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். டாட்ஸ்வில்லில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணைக்கு உரியவரான ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டு, 1943 முதல் 1978 வரை செனட் அங்கத்தினர்; நீதித்துறைக் கமிட்டிக்குத் தலைவராக வீற்றிருந்து சிவில் உரிமை மசோதாக்களை முடக்கியவர்; விவசாயக் கமிட்டியிலும் இருந்தவர். 1960களில் அவருடைய குடும்பப் பண்ணைக்கு ஓராண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சர்க்கார் பணம் சென்றது. ரூல்வில்லுக்கு அருகே ஒரு பண்ணையில் வாரக்குடியாகவும் கணக்கு எழுதுபவராகவும் இருந்த ஃபேனி லூ ஹேமர், இருபது குழந்தைகளில் கடைசியாகப் பிறந்து ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கத் தொடங்கியவர். 1962 ஆகஸ்டு 31ஆம் தேதி இண்டியனோலாவுக்குச் சென்று வோட்டர் பட்டியலில் பெயர் பதிய முயன்ற குற்றத்துக்காக, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார். அவருடைய கணவர் அறுவடை முடியும்வரை தங்க வேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில், பக்கத்து லெஃப்லோர் கவுண்டியில், வோட்டுப் பதிவு இயக்கம் வலுத்த சமயத்தில், ஏழைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டுவந்த சர்க்கார் உபரி உணவைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்திவிட்டது. விவசாயிகளுக்கு விலை கொடுக்க வேண்டி சர்க்கார் கொள்முதல் செய்து குவித்த உபரியே அது. அந்த உபரிக் கிடங்குகளிலிருந்து புறப்பட்ட பால் பவுடரும் மாவும் அதே காலத்தில் கேர் ஸ்தாபனத்தின் மூலம் சென்னை ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களின் மதிய உணவுக்கு வந்துகொண்டிருந்தன என்பதை நினைக்கும்போது, கிடங்கு இருந்த தேசத்திலேயே, அது நிரம்பக் காரணமான வேளாண்மையின் நடுவிலேயே, குழந்தைகள் அதற்காக ஏங்கினார்கள் என்பது நெஞ்சை வருத்துகிறது.

1965இல் பருத்தி வயலில் களை கொத்தியவர்களுக்குப் பத்து மணிநேர வேலைக்கு 3 டாலர் கூலி. அவ்வாண்டு ஷா என்ற ஊரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டின் விவசாயச் சட்டம், பருத்தி ஏக்கரைக் கணிசமாகக் குறைப்பவர்களுக்கு நேரடியாகப் பணம் தர முன்வந்தது. 1967 பிப்ரவரியில் விவசாயக் கூலிக்கும் குறைந்தபட்சச் சம்பளம், மணிக்கு 1 டாலர், அமலுக்கு வந்தது. இம்மூன்றும் சேர்ந்து நிகழ்த்திய விளைவை எவரும் திட்டமிடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், முன்னறிந்து தடுத்திருக்கலாம்: பண்ணையார்கள் களைக்கொல்லி மருந்து தெளித்தார்கள், மிஞ்சியிருந்த ஆட்களையும் நிறுத்தினார்கள். இலவச உணவுக்குப் பதிலாக உணவுக் கூப்பன் வந்தது. அதை வாங்க ஆளுக்கு மாதம் 2 டாலராவது வேண்டும். அந்த 2 டாலர் இல்லாத வீடுகளை 1967 ஏப்ரலில் செனட்டர் ராபர்ட் கென்னடி டெல்டாவில் நேரில் கண்டார். இவ்வளவும் நிகழ்ந்த அந்த ஆண்டுகளில், ஒருவர் பெறத்தக்க பணத்துக்கு 20,000 டாலர் என்று வரம்பு கட்டும் யோசனையைப் பிரதிநிதிகள் சபை 1968இலும் 1969இலும் ஏற்றும், அது செனட்டைத் தாண்டவில்லை. 1970இல் ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்ற வரம்பு கடைசியில் வந்தபோது, பண்ணைகள் மனைவி, மகன், மருமகன் பெயர்களில் காகிதத்தில் பிரிக்கப்பட்டன; ஒரே நிலம் கிளைகிளையாகப் பல கம்பெனிகளாகும் இந்த வித்தைக்குப் பிற்காலத்தில் மிஸிஸிப்பி கிறிஸ்துமஸ் மரம் என்றே பெயர் வழங்கியது.

ஹேமர் அம்மையார் இதற்கெல்லாம் சொற்பொழிவினால் மட்டும் பதில் சொல்லவில்லை. 1969இல் நன்கொடை திரட்டி 40 ஏக்கர் நிலம் வாங்கிச் சுதந்திரப் பண்ணை என்ற கூட்டுறவை நிறுவினார். பின்னர் அது 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. பருத்தியோடு கீரையும் பயறும் விளைந்தன. நீக்ரோ மகளிர் தேசியக் கவுன்சில் அளித்த பன்றிகளைக் கொண்டு ஒரு பன்றி வங்கி நடந்தது: ஒரு குடும்பம் சினைப் பன்றியைப் பெற்று, குட்டிகளில் இரண்டை வங்கிக்குத் திருப்பித் தரும். நிலமற்றவர்களின் கையில் நிலம் இருந்தால் அவர்கள் என்ன விளைவிப்பார்கள் என்பதற்கு அப்பண்ணை ஒரு சாட்சி. மழையும் கடனும் வரிபாக்கியும் அதை 1970களின் நடுவில் வீழ்த்திவிட்டன. 1977இல் அம்மையாரும் காலமானார். பெரும்பண்ணைகளைப் பாதகமான பருவங்களில் தாங்கிப்பிடித்த உதவி இந்தப் பண்ணையைத் தாங்கவில்லை.

சட்டங்கள் பலமுறை மாறிவிட்டன. இன்று சன்ஃபிளவர் கவுண்டியில் பருத்தியைவிடச் சோயா மொச்சையும் மக்காச்சோளமும் நெல்லும் அதிகம். மீன் வளர்க்கும் குளங்களும் உண்டு. 1930இல் 66,000க்கு மேல் இருந்த ஜனத்தொகை 2020இல் 26,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் பணம் இன்றும், அந்தந்த நிலத்தில் முன்னாளில் பயிரிடப்பட்ட ஏக்கரை அடிப்படையாகக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது.

கறுப்பு விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கில், விவசாய இலாகா அவர்களுக்குக் கடனும் உதவியும் கொடுப்பதில் பேதம் பாராட்டியது என்ற குற்றச்சாட்டின்மேல் 1999இல் சமரசம் ஏற்பட்டது. தகுதி பெற்ற பெரும்பாலோருக்கு ஆளுக்கு 50,000 டாலர் வீதம் கிடைத்தது. 2010இல் மேலும் 125 கோடி டாலருக்கு இரண்டாவது சமரசம் நிகழ்ந்தது. இவ்வளவு பெரிய பரிகாரத்துக்கும் ஒரு வாசற்படி இருந்தது: 1981க்கும் 1996க்கும் இடையே விவசாயம் செய்து, அல்லது செய்ய முயன்று, இலாகாவிடம் உதவிக்கு விண்ணப்பித்தவர்கள் மட்டுமே அதைக் கோரலாம். 1933இல் பருத்தியை உழுது மடித்தவர்களும், 1934இல் அரை செண்டுக்கு உரியவர்களும், கூலியாளாக மாற்றப்பட்டுப் பிறகு கூலியும் இழந்தவர்களும் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திட்டவர்களல்லர். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. அவர்களுடைய பங்கைக் கேட்டு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு வெற்றி பெற்றதாக நான் அறியவில்லை.